ஜப்பான்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறேன், இங்கேயே இருப்பதா, ஹாஸ்டலுக்கு மாறுவதா?

கொழிஞ்சாம்பாறை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். ஏப்ரலில் இருந்து டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமாவில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு வருஷப் படிப்பு படிக்கிறேன். வீட்டில் இரண்டே பேர், அறுபது தாண்டியவர்கள், மகள் கல்யாணமாகி ஒசாகாவில். அம்மா, அப்பா என்றே கூப்பிடச் சொன்னார்கள். நல்ல மனுஷங்க, ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

முதல் பிரச்சினை குளியல். நமக்குக் காலையில் தலையில் தண்ணீர் விழுந்தால்தான் பொழுது விடியும். இங்கே ராத்திரிதான், ஒருவர் பின் ஒருவராக, எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரில். எனக்கு மேல் கூசுகிறது, தொட்டியில் இறங்குவதே இல்லை, வெளியே ஷவரில் குளித்துவிட்டு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மறுநாள் அம்மா ஜலதாரை மூடியைக் கழற்றி வைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார், நான் போய் நின்றால் சிரிக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் சாப்பாடு. முட்டை சாப்பிடுவேன், மீன் ஆகாது என்று வந்த அன்றே சொல்லிவிட்டேன். தட்டில் மீன் வருவதில்லை, ஆனால் சூப்பில் கருவாட்டு வாடை அடிக்கிறது.

மூன்றாவது போன். ஊரில் அம்மா வேலையெல்லாம் முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே நடு ராத்திரி 12.30. நேற்று ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, 11 மணிக்கு மேல் மெதுவாகப் பேசவும் என்று, கீழே ஒரு பூனைப் படம் வேறு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நேரில் சொன்னால் என்ன? அதுதான் எனக்கு ஆத்திரம். அக்டோபரில் ஹாஸ்டலில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எங்க அப்பா, வீடுதான் பத்திரம், வாயை மூடிக்கொண்டு இரு என்கிறார். இப்படி இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஆந்திரா_சித்தூர்_அக்கா:

பாப்பா, நான் உங்க பக்கத்துச் சித்தூர் இல்லை, திருப்பதிக்குப் பக்கத்துச் சித்தூர். டோக்கியோ பக்கத்துச் சிபாவில் இதே மாதிரி ஒரு வீட்டில் இருந்து படித்தவள்.

குளியல் நீ நினைக்கிற மாதிரி அசிங்கம் இல்லை. சோப்புப் போட்டு, அலசி, அழுக்கெல்லாம் போன பிறகுதான் தொட்டியில் இறங்குவார்கள், அது உடம்புக்குச் சூடு பிடிக்க உட்காருகிற தண்ணீர், குளிக்கிற தண்ணீரே இல்லை. 40 டிகிரிக்கு ஏற்றி மூடி போட்டு வைத்திருப்பதை ஆளுக்கு ஆள் மாற்றினால் கேஸ் கட்டணம் என்ன ஆகும்? நிறைய வீடுகளில் மிச்சத் தண்ணீரை மறுநாள் வாஷிங் மெஷினுக்கும் எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் இறங்காதே, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "எனக்கு ஷவர் போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் சுத்தமில்லையோ என்று அந்த அம்மா தனக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பார்.

எண்ணெய்க் குளியலை விடாதே. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது உனக்கே தெரியும், அந்த ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஆள் இருக்கிற அறைக்கு மட்டும்தான் ஹீட்டர், குளியலறை சில்லென்று கிடக்கும், குழாயில் எண்ணெயும் முடியும் சேர்ந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகத் தேய், முதலில் ஒரு துணியால் தலையைத் துடைத்து எண்ணெயை எடு, அப்புறம் ஷாம்பூ. சீகைக்காய்ப் பொடி வேண்டவே வேண்டாம், அது அடியில் போய் மண்ணாக உட்காரும். ஜலதாரை மேல் ஒட்டுகிற வலை 100 யென் கடையில் கிடைக்கும். குளித்து முடித்ததும் அதை நீயே எடுத்துப் போட்டுவிட்டு வா. தலையணைக்கு மேலே ஒரு துண்டு விரித்துக்கொள்.

சீட்டு விஷயம். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. கோபத்தில் இருக்கிறவர் உட்கார்ந்து பூனை வரைவாரா? நேரில் சொன்னால் உன் முகம் வாடுமே என்று பயந்திருப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால் மத்தியானமே போனில் லைன் ஆப்பில் ஒரு செய்தி போடுகிறாயா? எங்க வீட்டில் இருந்த பெரிய மனஸ்தாபமே அதனால் வந்ததுதான், சமைத்து மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

வாளையார்_மணி:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். காசு கொடுத்துத்தானே தங்குகிறது இந்தப் பொண்ணு, ராத்திரி அம்மாவோடு பேசக்கூட ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் அது என்ன வாழ்க்கை? நான் நகோயாவில் ஹாஸ்டலில்தான் இருந்தேன், என் ரசம், என் தாளிப்பு, யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். ஒரே நஷ்டம், ஜப்பானிய மொழி வாயில் ஏறவே இல்லை, தாழ்வாரம் முழுக்க நம்ம ஆட்கள். பகுதிநேர வேலைக்குக் கடையில் நின்ற பிறகுதான் பேச்சு வந்தது, அதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும், வாரத்துக்கு 28 மணி நேரம்தான். நீ போனது மொழிக்கா, படிப்புக்கா? அதைப் பார்த்து முடிவு பண்ணு. மாறினால் 14 நாளுக்குள் நகராட்சி ஆபீஸில் புது முகவரியைப் பதிந்துவிடு, பழைய ஊர் ஆபீஸில் கிளம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கின தாளையும், வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற ரெசிடென்ஸ் கார்டையும் கையில் எடுத்துக்கொண்டு போ.

களியக்காவிளை_அண்ணன்:

மோளே, டோக்கியோவில் ஹோட்டல் சமையலில் இருக்கிறேன், சூப்பு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உனக்கு அடிக்கிற வாடை சரிதான். நம்ம பக்கம் மாசி என்று ஒன்று உண்டே, சூரை மீனை வேகவைத்துப் புகையில் காயப்போட்டுக் கட்டையாக்கியது, அதே ஜாதிதான் இங்கே கட்சுவோபுஷி. அதைச் சீவி வெந்நீரில் போட்டு எடுக்கிற சாறுதான் தாஷி. மிசோ சூப், காய் வேகவைக்கிறது, முட்டை ரோல், நூடுல்ஸ் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் அடி அதுதான். மீன் வேண்டாம் என்றால் அவர்கள் மீன் துண்டைத்தான் விடுவார்கள், சாறு மீன் கணக்கில் வராது. அந்த அம்மா உன்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதே.

கொம்பு என்கிற கடற்பாசியையும் காய்ந்த ஷிதாகே காளானையும் ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மீன் இல்லாத தாஷி ரெடி. இங்கே புத்தக் கோயில் சமையலில் பண்டுதொட்டே இதுதான், அதனால் கேட்டால் அம்மாவுக்குச் சட்டென்று புரியும். ஒரு பாக்கெட் நீயே வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடு.

சனிக்கிழமை பகலில் ஒருநாள் நீ சமை. பருப்பும் சாம்பார்ப் பொடியும் டோக்கியோவில் நிஷி கசாய் பக்கத்து இந்தியக் கடைகளில் கிடைக்கும். வரமிளகாயை மட்டும் எண்ணெயில் கருக விடாதே, ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திற, இல்லாவிட்டால் அந்த அப்பா இருமி இருமி வாசலுக்குப் போய்விடுவார். ஊரில் இருந்து யாராவது வந்தால் பச்சைக் கறிவேப்பிலை கொடுத்துவிடச் சொல்லாதே, செடி, இலை, பழத்துக்கெல்லாம் நம்ம நாட்டு அரசுச் சான்றிதழ் இல்லாமல் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

கொழிஞ்சாம்பாறை_பொண்ணு:

அண்ணா, மாசி என்று நீங்க சொன்னதும்தான் விளங்கியது. கொம்பு பாக்கெட் கொடுத்தேன், அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார், பாவமாகப் போய்விட்டது. இப்போது எனக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வருகிறது. வலையும் வாங்கிவிட்டேன் அக்கா. ஷவர் போதும் என்று இன்னும் சொல்லவில்லை, நாக்கு எழவில்லை.

போன்தான் சரியாகவில்லை. இங்கே ஒன்பது மணிக்குப் பேசலாம் என்றால் ஊரில் சாயங்காலம் 5.30, அம்மா பால் சொசைட்டி வரிசையில் கேனோடு நிற்கிற நேரம். பால் அளந்துகொண்டே "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்கிறார், நான் சொல்கிற பதில் காதில் விழுவதில்லை.

மணி அண்ணா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஹாஸ்டலுக்கு மனு போட நாள் நெருங்குகிறது, போட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். இதை முதலில் இந்த வீட்டில் சொல்வதா, காலேஜில் எங்களைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸில் சொல்வதா?

ஆந்திரா_சித்தூர்_அக்கா:

மனு போடு, அதில் தப்பே இல்லை. முதலில் ஆபீஸில் கேள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கட்டின பணம் எவ்வளவு திரும்பும் என்று உன் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுக்கொள். கேட்ட அன்று சாயங்காலமே வீட்டில் நீயே சொல்லிவிடு. ஆபீஸில் இருந்து அவர்களுக்கு போன் போகும், அதற்கு முன்னால் உன் வாயால் அவர்கள் கேட்டிருக்க வேண்டும். மனுதான் போட்டிருக்கிறேன், இன்னும் முடிவில்லை என்று உள்ளதைச் சொல். ஜப்பானிய மொழியில் வார்த்தை வராவிட்டால் நீயும் ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டு, அவர்களுக்கும் அதுதான் சௌகரியம்.