பேரணியா, மீள்திரளலா? இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படைக்கு ஒரு கலைச்சொல்

பொருள்: கலைந்த குதிரைப்படை மறுபடி வரிசைக்கு வருவதற்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அரசர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும் மோதிய இங்கிலாந்து உள்நாட்டுப் போர் (1642–1651) பற்றி எழுதிவரும் கட்டுரைகளில் இப்போது இளவரசர் ரூபர்ட்டுக்கு வந்திருக்கிறேன். அரசர் முதலாம் சார்லஸின் அக்கா மகன், நம் முறைப்படி மருமகன். அரசர் தரப்புக் குதிரைப்படைக்கு 22 வயதில் தளபதி ஆனவர். இதுவரை சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. குதிரைப்படை வேகமெடுத்துப் போய் மோதுவதற்குப் 'பாய்ச்சல்' என்று வைத்துக்கொண்டேன். படையின் வலப்பக்கத்தை 'வலப்புற அணி' என்றே எழுதுகிறேன், 'வலதுசாரி' என்றால் வேறு சண்டை கிளம்பிவிடும்.

ஒரு வினைச்சொல்லில் மட்டும் கட்டுரை நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ரேலி' என்பார்கள். பாய்ந்து மோதிய குதிரைப்படை வென்றாலும் சிதறும், தோற்றாலும் சிதறும். குதிரைகளுக்கு மூச்சு இரைக்கும், குழுக்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும், பாதிப் பேர் ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு எங்கோ போயிருப்பார்கள். அப்போது எக்காளம் ஊதி, குழுவின் கொடியை உயர்த்திப் பிடித்து, ஆட்களை மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டும். சிந்திய கடுகை அள்ளுகிற வேலை. இதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அகராதியைத் திறந்தால் 'பேரணி' என்கிறது. 'எட்ஜ்ஹில் களத்தில் ரூபர்ட்டால் பேரணி நடத்த முடியவில்லை' என்று எழுதினால், காவல்துறை அனுமதி தரவில்லையா என்று கேட்பார்கள்.

சுற்றி வளைத்து எழுதித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. இந்த மனிதருடைய போர் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு செயலைச் சுற்றியே இருக்கிறது. 1619 டிசம்பரில் பிராகில் பிறந்தார். அப்பா பொகீமியாவின் அரசர். மறு வருடமே வெள்ளை மலைப் போரில் தோற்றுக் குடும்பம் நாட்டை விட்டு ஓடியது. ஓடுகிற அவசரத்தில் கைக்குழந்தையான ரூபர்ட்டை அரண்மனையிலேயே மறந்துவிடப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஹேக் நகரில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே முற்றுகைகளைப் பார்த்து, 1638இல் ஜெர்மனியில் ஃப்லோத்தோ போரில் பிடிபட்டு, லின்ஸ் நகரில் சுமார் மூன்று வருடம் சிறை இருந்தார். 1642இல் மாமாவிடம் வந்து சேர்ந்தார்.

அந்த வருடம் அக்டோபர் 23, எட்ஜ்ஹில். அதுவரை பல படைகளில், குதிரை வீரர்கள் எதிரியை நெருங்கி, கைத்துப்பாக்கியைச் சுட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். ரூபர்ட் சொன்னது வேறு: நெருக்கமாக, வரிசை குலையாமல் போங்கள், வாள் கையில் இருக்கட்டும், எதிரி சுட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே புகுந்த பிறகுதான் துப்பாக்கி. மூன்று வரிசை ஆழத்தில் நின்ற அவருடைய வலப்புற அணி எதிரே இருந்த ராம்சேயின் குதிரைப்படையைச் சிதறடித்தது. அதோடு நிற்கவில்லை. கைன்டன் கிராமம் வரை துரத்திக்கொண்டு போய்ச் சுமைவண்டிகளில் விழுந்தது. பின்னால் நிற்க வேண்டிய பைரனின் இரண்டாம் வரிசையும் கூடவே போய்விட்டது. இடப்புறத்தில் வில்மட்டின் அணியும் இதையேதான் செய்தது. களத்தில் அரசரின் காலாட்படை குதிரைத் துணை இல்லாமல் நின்றது. நாடாளுமன்றத் தரப்பில் பால்ஃபர் கையில் மிச்சம் இருந்த குதிரைகள் அதன்மேல் ஏறின. அரசரின் கொடியைத் தாங்கிய எட்மண்ட் வெர்னி அங்கேதான் இறந்தார். ரூபர்ட் சிலரைச் சேர்த்துக்கொண்டு திரும்பியபோது குதிரைகள் களைத்திருந்தன, பொழுதும் சாய்ந்திருந்தது.

'சிலரைச் சேர்த்துக்கொண்டு' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அந்த இடத்துக்குத்தான் ஒரு நல்ல சொல் கேட்கிறேன்.

———

பொருள்: மறு: கலைந்த குதிரைப்படை மறுபடி வரிசைக்கு வருவதற்கு என்ன சொல்?

அம்மா, வணக்கம்.

'மீளணி' என்று வையுங்கள். அணி என்பது படைக்கே உரிய பழஞ்சொல். அணிவகுப்பு, முன்னணி, பின்னணி எல்லாம் அங்கிருந்து வந்தவைதாம். இன்று பின்னணி பாடகருக்கும் முன்னணி நடிகருக்கும் போய்விட்டது, ஒரு சொல்லையாவது போர்க்களத்துக்குத் திருப்பிக் கொடுப்போம். 'பேரணி'யில் இருக்கும் அணியும் அதுவே என்பதால், அகராதி பார்த்து வருகிறவருக்கும் தொடர்பு விட்டுப்போகாது. சுருக்கமான சொல். எழுவாயாகவும் வரும், அடைமொழியாகவும் வரும்.

———

பொருள்: மறு: மறு: கலைந்த குதிரைப்படை

ஐயா சொன்ன மீளணி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதுச்சொல் எதற்கு என்றே கேட்கிறேன். வள்ளுவர் படைமாட்சியில் போட்டுவைத்திருக்கிறாரே:

கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும்
ஆற்ற லதுவே படை.

'கூடி எதிர்நிற்கும்', இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? 'கூடிநிற்றல்' என்று எழுதிவிடுங்கள். படிக்கிறவனுக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.

அப்புறம் ஒரு விஷயம். அந்த ரூபர்ட் விஷயத்தில் நீங்கள் ரொம்ப இளக்காரம் கொடுக்கிறீர்கள். ஆட்களைக் கூட்ட வேண்டிய தளபதியே முன்னால் துரத்திக்கொண்டு ஓடினால் பின்னால் இருக்கிறவன் என்ன செய்வான்? எட்ஜ்ஹில்லில் சண்டை தொடங்குவதற்கு முன்பே கிழவர் லிண்ட்ஸியோடு தகராறு. படை முழுவதற்கும் தலைவர் அவர், ஆனால் இந்தப் பையன் அரசர் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேட்க மாட்டேன் என்று உத்தரவு வாங்கி வைத்திருந்தான். அவர் மனம் கசந்து பதவியை விட்டுவிட்டு, தன் காலாட்படைப் பிரிவோடு களத்தில் நின்று அடிபட்டுச் செத்தார். சொல்லைத் தேடுங்கள், சரி. ஆளைக் காப்பாற்றாதீர்கள்.

———

பொருள்: மறு: மறு: மறு: கலைந்த குதிரைப்படை

இருவருக்கும் நன்றி. லிண்ட்ஸி விஷயத்தை நானும் மறைக்கப் போவதில்லை, அது கட்டுரையில் இருக்கிறது. சொல்லுக்கு வருகிறேன்.

மீளணியைப் பெயராக வைத்தால் அழகுதான். வினையாக்கிப் பாருங்கள்: 'குதிரைப்படை மீளணிந்தது.' கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. எனக்கு வேண்டியது வினை. கூடிநிற்றலில் வேறு குறை. குறள் சொல்வது எமனே வந்தாலும் கலையாமல் நிற்பதை. நான் கேட்பது கலைந்த பிறகு நடப்பதை. ரூபர்ட்டின் ஆட்கள் எதிரியைக் கண்டு கலைந்தவர்கள் அல்லர், பல தடவை வெற்றியில் கலைந்தவர்கள்.

என் முன்மொழிவு: மீள்திரள், மீள்திரட்டு. படை மீள்திரண்டது. தளபதி படையை மீள்திரட்டினார்.

இரண்டு வடிவம் இருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஆங்கிலச் சொல் தானாகச் சேர்வதற்கும் சேர்ப்பதற்கும் ஒன்றே. தமிழில் எழுதினால் யார் செய்தார் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். திரளவில்லையா, திரட்டவில்லையா? நீங்கள் ரூபர்ட்மேல் வைக்கும் குற்றச்சாட்டு திரட்டவில்லை என்பது. அது எட்ஜ்ஹில்லுக்குப் பொருந்தும். அதே களத்தில் சார்லஸ் லூக்காஸ் சுமார் 200 குதிரைகளை மீள்திரட்டினார் என்பதால், முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் மார்ஸ்டன் மூரைப் பாருங்கள். 1644 ஜூலை 2. முதல் நாள்தான் ரூபர்ட் யார்க் நகர முற்றுகையை உடைத்திருந்தார். அரசர் தரப்பில் சுமார் 18,000 பேர், எதிரே நாடாளுமன்றப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் சேர்ந்து சுமார் 28,000. இனி இன்று சண்டை இல்லை என்று ரூபர்ட் இரவு உணவுக்குப் போனபோது, மாலை ஏழு மணி வாக்கில் எதிரி இறங்கினான். வலப்புறத்தில் பைரனின் முதல் வரிசை உடைந்தது. ரூபர்ட் ஓடிவந்து, திரும்பி ஓடிக்கொண்டிருந்த தன் ஆட்களையே மறித்து, மறுபடி உள்ளே கொண்டுபோனார். இது மீள்திரட்டல் இல்லாமல் வேறென்ன? எதிரே வந்த நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல்லின் குதிரைப்படை கொஞ்ச நேரம் தடுமாறியது. டேவிட் லெஸ்லியின் ஸ்காட்லாந்துக் குதிரைகள் பக்கவாட்டில் வந்து தாக்கிய பிறகே ரூபர்ட்டின் அணி சாய்ந்தது.

மறு முனையில் அரசர் தரப்பின் கோரிங் வென்றுகொண்டிருந்தார். நாடாளுமன்றத் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் அணி உடைந்தது. கோரிங்கின் ஆட்கள் பெரும்பாலோர் துரத்தலுக்கும் கொள்ளைக்கும் போய்விட்டார்கள். கிராம்வெல்லின் ஆட்கள் வென்ற இடத்திலேயே மீள்திரண்டு, களத்தின் பின்புறமாகச் சுற்றிவந்து, மிச்சம் இருந்த கோரிங்கின் குதிரைகளை அடித்தார்கள். ஒரே மாலை, ஒரே களம். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஓர் அணி வென்றது, ஒன்று மட்டும் திரண்டது. வடக்கு இங்கிலாந்து அரசர் கையை விட்டுப் போனது அன்றுதான். (ரூபர்ட் எங்கும் கூட்டிப்போன வெள்ளைப் பூடில் நாயும் அன்று செத்தது. பேய் அடங்கிய நாய் என்று நாடாளுமன்றத் துண்டறிக்கைகள் அதைப் பற்றி எழுதித் தள்ளியிருந்தன. நாயின் பெயர் பாய். 'பாய்ச்சல்' எடுத்துக்கொண்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

இந்த வித்தியாசத்தை முதலில் எழுதியவர்களில் ஒருவர் அரசர் தரப்பு ஆள்தான், இந்தப் போரின் வரலாற்றை எழுதிய கிளாரண்டன். ரூபர்ட்டை அவருக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசரின் குதிரைகள் மோதிய இடத்தில் வென்றாலும் ஒழுங்காகத் திரும்பச் சேர்வது அபூர்வம், அதே நாளில் இரண்டாம் முறை பாயவைக்க முடிவதில்லை; கிராம்வெல்லின் ஆட்கள் வென்றாலும் தோற்றாலும் உடனே சேர்ந்து அடுத்த உத்தரவுக்கு நிற்பார்கள் என்கிறார். கவனியுங்கள், அவர் சொல்வது இரண்டு குறை. நேஸ்பியில் (1645 ஜூன் 14) இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. ரூபர்ட் அப்போது படை முழுவதற்கும் தலைவர், நியாயமாக அவர் நடுவில் நின்றிருக்க வேண்டும். வலப்புறப் பாய்ச்சலைத் தானே நடத்தினார். எதிரே நின்ற அயர்ட்டனின் அணியில் ஒரு பகுதியை உடைத்து, சுமைவண்டிகள் வரை போனார். வண்டிக் காவலர்கள் சரணடைய மறுத்தார்கள். திரும்பி வருவதற்குள் காலாட்படை முடிந்துபோயிருந்தது. எஞ்சிய குதிரைகள் அரசரைச் சுற்றி வரிசைக்கு வரத்தான் செய்தன. பாயவில்லை. அதனால் மீள்திரளல் வேறு, மறுபாய்ச்சல் வேறு என்று இரண்டு சொல்லாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் திரளவில்லை என்பதற்கு ஆளின் குணம் மட்டும் காரணம் இல்லை. அரசர் தரப்பில் பல குழுக்கள் நிலவுடைமைக்காரர்கள் சொந்தச் செலவில் திரட்டியவை. சம்பளம் ஒழுங்காக வராத இடத்தில் சுமைவண்டிதான் சம்பளம். கிராம்வெல் ஒழுக்கத்தில் கறார், கெட்ட வார்த்தை பேசினால் 12 பென்ஸ் அபராதம். வேகமும் ஒரு காரணம்: 1643இல் கிரந்தம் அருகே நடந்த மோதலைப் பற்றி எழுதும்போது, நல்ல துள்ளுநடையில் போனோம் என்கிறார் அவர். நாலுகால் பாய்ச்சலில் போன குதிரையைவிட அதை நிறுத்துவது சுலபம்.

———

பொருள்: மறு: மீள்திரள்

அம்மா, பொருள் சரி, ஒப்புக்கொள்கிறேன். இலக்கணம் இடிக்கிறது. ளகரத்துக்குப் பின் தகரம் வந்தால் திரிய வேண்டாமா? முள் + தாள் முட்டாள் ஆகிறது, நாள் + தோறும் நாடோறும் ஆகிறது. மீள் + திரள் என்பது மீடிரள் என்றல்லவா வரும்?

———

பொருள்: மறு: மறு: மீள்திரள்

ஐயா, மீடிரள் என்றால் நானே என்னவென்று கேட்பேன். 'மீள்திறன்' என்று உளவியலிலும் பேரிடர் மேலாண்மையிலும் இன்று எல்லாரும் எழுதுகிறார்கள், மீடிறன் என்று எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. கலைச்சொல்லில் இரண்டு உறுப்பும் பிரிந்து தெரிவது நல்லது. அதே சலுகையை இதற்கும் கொடுங்கள். கூட்டம் 'திரள்வது' ஊர்த்திருவிழாவிலும் வருகிற பேச்சுச்சொல் என்பதால், கூடிநிற்றலை முன்மொழிந்தவர் கேட்ட எளிமையும் இதில் இருக்கிறது.

மறுப்பு இல்லையென்றால் சொல்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

மீள்திரள் (தன்வினை): மோதலில் கலைந்த படை, வென்றதாயினும் தோற்றதாயினும், களத்திலேயே மறுபடி வரிசைக்கு வருதல்.
மீள்திரட்டு (பிறவினை): அவ்வாறு வரச்செய்தல்.
மறுபாய்ச்சல்: மீள்திரண்ட குதிரைப்படையின் அடுத்த தாக்குதல்.

கட்டுரையின் மிச்சத்தில் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு வேலை இல்லை. 1645 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரை ஃபேர்ஃபாக்ஸிடம் ஒப்படைத்ததற்காக அரசர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். ரூபர்ட் நியூவர்க்குக்கே போய் நின்று விசாரணை கேட்டு, துரோகமோ கோழைத்தனமோ இல்லை என்று தீர்ப்பு வாங்கினார். அதற்குப் பின் கடல். 1648 முதல் அரசர் தரப்புக் கப்பல்களோடு அயர்லாந்து, லிஸ்பன், மேற்கு ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் என்று அலைந்தார். 1652இல் புயலில் தம்பி மாரிஸைப் பறிகொடுத்தார். 1670இல் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் முதல் ஆளுநர். 1682 நவம்பரில் லண்டனில் இறந்தார். வாலை உடைத்தால் தூளாகிவிடும் கண்ணாடித் துளிக்கும் அவர் பெயர்தான்.

அடுத்து இரண்டு சொல் பாக்கி. குதிரையில் வந்து, இறங்கி நின்று சுடுகிற வீரருக்கு ஒன்று வேண்டும். 'குதிரையேறிய காலாள்' என்பது சொல்லாக இல்லை, விளக்கமாக இருக்கிறது. எட்ஜ்ஹில்லில் பால்ஃபர் கையில் மிச்சம் இருந்ததே, அந்தப் பின்னிருப்புப் படைக்கு ஒன்று வேண்டும். 'சேமப்படை' என்று எழுதினால் வங்கி நினைவு வருகிறதா, இல்லையா? சொல்லுங்கள்.