‘ஆ’வில் முடியும் பெயர் பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

புதுத்தகப்பன்:
மகள் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பிறப்பைப் பதிந்தாயிற்று, பெயர் மட்டும் பாக்கி. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அலுவலகத்தில் அவசரம் இல்லை, வீட்டில்தான் அவசரம். ரோகிணி நட்சத்திரம், ஓ, வ, வி, வு என்று எழுத்து கொடுத்திருக்கிறார்கள். மனைவிக்கு வித்யா பிடித்திருக்கிறது. அப்பாவோ, “ஆவில் முடிகிற பேரெல்லாம் வடமொழிப் பேர், நம்ம பிள்ளைக்கு வேண்டாம்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவர் சொல்வது சரிதானா?

கரிசல்மண்:
அப்பா பக்கம்தான் நான், தம்பி. வித்யா, கவிதா, லதா, அனன்யா, ஆராத்யா எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பது சமஸ்கிருதப் பெண்பால் ஆ. தமிழ் அதை அப்படியே விழுங்கியதில்லை. வடசொல் தமிழாகும்போது ‘ஆவீறு ஐயும் ஈயீறு இகரமும்’ ஆகும் என்று நன்னூலில் விதியே இருக்கிறது. கங்கா கங்கை ஆனது, சபா சபை ஆனது, சீதா சீதை ஆனாள். கம்பன் பாடியது சீதையைத்தான். அந்தப் பழக்கத்தை நாம் ஏன் கைவிட வேண்டும்?

மாடித்தோட்டம்:
விதி இருக்கட்டும் அண்ணா. அந்த விதிப்படி வித்யா என்ன ஆகும்? வித்தை! பிள்ளையை அப்படிக் கூப்பிட முடியுமா? சுதா சுதை ஆவாள்; கோபுரத்துச் சுதைச் சிற்பம்தான் ஞாபகத்துக்கு வரும். மாலா மாலை ஆவாள். சீதை காப்பியத்தில் இருக்கிறாள், எங்கள் தெருவில் இருப்பவள் சீதா. பாட்டி காலத்திலிருந்து லதா, கீதா, சுதா என்று வைத்துக் கூப்பிட்டுப் பழகிய பெயர்களை இன்றைக்கு அந்நியம் என்றால், அந்தப் பெயரோடு வாழ்கிற அத்தனை பெண்களுக்கும் என்ன பதில்?

கரிசல்மண்:
சுதை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சமஸ்கிருதத்திலேயே சுதாவுக்கு அமுதம், சுண்ணச்சாந்து இரண்டும் பொருள். அது தமிழ் ஆக்கியதால் வந்த குறை இல்லை. மற்றபடி, இருக்கிற பெண்களின் பெயரை மாற்றச் சொல்லவில்லை, தங்கச்சி. இனி வைக்கப்போகிற பெயரைப் பற்றித்தான் பேச்சு.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியை:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆவில் முடிவதாலேயே ஒரு சொல் வடமொழி ஆகிவிடாது. நிலா, கனா, விழா, உலா, புறா, சுறா, பலா, வினா எல்லாம் நம் சொற்கள். அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். குறிலுக்குப் பின் வரும் இந்த ஆ, செய்யுளில் குறுகி உகரம் ஏற்கும்: நிலா நிலவு ஆகும், கனா கனவு ஆகும், சுறா சுறவு ஆகும். லதாவை லதவு என்று சொல்ல முடியுமா? முடியாது. இரண்டும் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நடப்பு வேறு. ஆகவே தம்பி, உங்கள் அப்பா நிலா, வெண்ணிலா இரண்டுக்கும் மறுப்புச் சொல்லக் கூடாது.

இன்னொன்று. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் மகள் பெயர் நீலாம்பிகை. வேர் வடசொல், ஈறு தமிழ். எனக்கு அது போதும்.

கடலோரத்தான்:
வடமொழி, தமிழ் என்று இரண்டே கட்சியாகப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பாத்திமா, ஆயிஷா, சல்மா. இது அரபி ஆ. அங்கும் பெண்பால் ஈறுதான், ஆனால் சமஸ்கிருதத்தோடு உறவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ‘பாத்திமா திருமணப் படலம்’ என்றே வைத்தார், பாத்திமை என்று திருத்தவில்லை. ஆக, நன்னூல் விதி எல்லா ஆவையும் பிடித்து இழுக்கவில்லை.

மாதாகோயில்தெரு:
எங்கள் பக்கம் மூன்றாவது வழி. எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த பெயர்களுக்குத் தமிழ் வேதாகமம் ஐயும் போடவில்லை, சும்மாவும் விடவில்லை, ‘ள்’ சேர்த்தது. சாரா சாராள், ரெபெக்கா ரெபெக்காள், மார்த்தா மார்த்தாள், லீதியா லீதியாள், ஏவா ஏவாள். எங்கள் ஆச்சி பேர் அன்னாள். இப்போது ஞானஸ்நானத்தில் வைப்பது மறுபடியும் சாரா, லிடியா. அந்த ‘ள்’ போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த ஒற்றை எழுத்தில்தான் எங்கள் ஊர் ஒட்டியிருந்தது.

மாடித்தோட்டம்:
பெண் பெயரை மட்டும் இவ்வளவு அலசுகிறோமே, ஆண் பிள்ளைக்கு? சூர்யா, கிருஷ்ணா, ஆதித்யா என்று வைக்கிறோம். சமஸ்கிருதத்தில் அவை குறிலில் முடிபவை. அங்கே நெடிலோடு கிருஷ்ணா என்றால் திரௌபதி. ரிக் வேதத்தில் சூர்யா சூரியனின் மகள். நாம் ஆங்கில எழுத்தில் எழுதி, அதைத் திரும்பத் தமிழில் படித்து, நெடிலாக்கிவிட்டோம். யாராவது சண்டை போட்டார்களா? பெண் குழந்தையின் பெயரில்தான் மொழியைக் காப்பாற்ற வேண்டுமா?

ஓய்வுபெற்ற_தமிழாசிரியை:
கடைசிக் கேள்வி நியாயமானது அம்மா, அதற்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆண் பெயரில் வரும் ஆவுக்கு ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை. ‘அன் என் இறுதி ஆ ஆகும்மே’ என்பது தொல்காப்பியத்தில் விளிமரபு. முருகன் முருகா, கண்ணன் கண்ணா, சிவன் சிவா. கூப்பிட்டுக் கூப்பிட்டு விளியே பெயராக நின்றுவிட்டது. சிவா, ராமா எல்லாம் அந்த வழி.

புதுத்தகப்பன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் நிலா கணக்கைச் சொன்னேன். வெண்ணிலா என்றால் தனக்குச் சம்மதம் என்றார். ஆனால் ‘வெ’ மிருகசீரிடத்து எழுத்தாம், ரோகிணிக்கு ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

கரிசல்மண்:
வான்மதி, வளர்மதி. எழுத்தும் பொருந்தும், அப்பாவும் ஒத்துக்கொள்வார். நிலாவும் உள்ளேயே இருக்கிறது.

மாடித்தோட்டம்:
பெற்றவளுக்குப் பிடித்தது வித்யா என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. அப்பா, மாமியார், நாம் என்று இத்தனை பேர் பேசிவிட்டோம். அவரிடம் வான்மதி பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வித்யா என்றே பதியுங்கள் தம்பி.