புதுப்பிப்பு: ஸ்கைரிம் வேட்டைக்காரி

போன தடவை ஸ்கைரிம் வீடியோ கேமில் வேட்டைக்காரப் பாத்திரத்துக்கு யோசனை கேட்டிருந்தேன் இல்லையா, நிறைய வந்தது. கடைசியில் மரக்குடி எல்ஃப், அதாவது போஸ்மர் இனப் பெண்ணையே எடுத்தேன். அந்த இனத்தின் தாயகமான வேலன்வுட்டின் பச்சை ஒப்பந்தம் என்ற சத்தியப்படி அந்த ஊர்ச் செடிகொடிகளுக்குத் தீங்கு செய்யக்கூடாது. இவள் அதை ஸ்கைரிம் மண்ணிலும் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறாள், கொஞ்சம் வீம்புதான்.

விளையாட்டே மாறிவிட்டது. மான்கறியை உப்பு போட்டுச் சமைக்கலாம், ஆனால் மான்கறி ஸ்டூவில் உருளைக்கிழங்கும் லீக் என்ற வெங்காய வகையும் சேரும் என்பதால் அது கிடையாது. ரசவாதத்தில், அதாவது மருந்தும் விஷமும் காய்ச்சுவதில், பூ பறிக்க முடியாதே என்று யாரோ கேட்டிருந்தீர்கள். ரிவர் பெட்டி மீனையும் ஸ்கீவர் என்ற பெரிய எலியின் வாலையும் சேர்த்தால் உயிரைக் குறைக்கும் விஷம் வருகிறது, அம்பில் தடவ அது போதும்.

வருமானம் தோலில்தான். மான்தோல் ஒன்றைப் பதனிட்டால் இரண்டு தோல்துண்டு, ஓநாய்க்கு ஒன்றுதான், அதனால் ஓநாய் தானாக வந்து பாய்ந்தால் மட்டுமே கொல்கிறாள். வில் பயிற்சிக்கு ரிவர்வுட் கிராமத்து ஃபேண்டல், அவனும் போஸ்மர். மர அறுவை ஆலையில் வேலை பார்க்கிறான், அதைப் பார்த்து இவள் என்ன நினைப்பாள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

துணைக்கு நாயா, ஆளா? சொல்லுங்கள்.