அப்பாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, லேபர் ஆபீஸ் நஷ்டஈடு வாங்கித் தருமா?

பகாவ் பொண்ணு:
அப்பாவுக்கு 52 வயசு. மலேசியாவுல, பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல 18 வருஷமா குலை வெட்டுறாரு. போன மாசம் காலைப் பெரட்டுல (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறப்போ) எல்லார் முன்னாலயும் "உதிரிப் பழத்தை வெளிய வித்துட்டே"ன்னு மண்டோர் (மேஸ்திரி) சத்தம் போட்டாரு. விசாரணை கிடையாது, அன்னைக்கே நிறுத்தற கடுதாசி. பொது விடுமுறையில வேலை செஞ்ச காசு பாக்கி இருக்கு, அதை மட்டும் லேபர் ஆபீசுல எழுதிக்கிட்டாங்க. மானம் போனதுக்கு நஷ்டஈடு கேட்டா, எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லைன்றாங்க. அரசாங்க ஆபீஸ்தானே, ஏன் முடியாது?

பழைய கிளைச் செயலாளர்:
தங்கச்சி, அந்த அதிகாரி சொன்னது சரிதான். 1955 வேலைச் சட்டம் 69ஆம் பிரிவுப்படி, சட்டமும் ஒப்பந்தமும் ஏற்கெனவே கொடுக்கச் சொல்ற காசைத்தான் அவங்க வாங்கித் தர முடியும். சம்பளப் பாக்கி, நோட்டீஸ் பணம், பணிநீக்கத் தொகை, அவ்வளவுதான். மனவேதனைக்கு விலை போடவோ, வேலையைத் திருப்பிக் கொடுன்னு சொல்லவோ முடியாது.

வேலையைத் திருப்பிக் கேட்கறதுக்கு 1967 தொழில் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவு. நிறுத்தின நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகாவுல மனு கொடுக்கணும். இதை விட்டுடாதீங்கம்மா! சமரசம் ஆகலைன்னா தொழில் நீதிமன்றம். விசாரணையே வைக்காம நிறுத்தினதை அங்க எடுத்துச் சொல்லலாம்.

அங்கயும் வரம்பு உண்டு. வேலையில்லாத காலத்துச் சம்பளம் அதிகபட்சம் 24 மாசம். அப்பாவுக்கு மாசம் 2,000 வெள்ளி (ரிங்கிட்)ன்னு வச்சுக்கிட்டா 48,000. வேலை திரும்பக் கிடைக்கலைன்னா, செஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசச் சம்பளம் போடறது வழக்கம். நடுவுல வேற இடத்துல சம்பாதிச்சா அதைக் கழிக்கலாம். இனிமே சம்பாதிச்சிருக்கக்கூடிய காசு கணக்குலயே வராது. இந்த வரம்பு எனக்கு ஒப்பவே இல்லை. 52 வயசுல, திருட்டுப் பேரோட நிக்கிறவரை எந்தத் தோட்டம் கூப்பிட்டு வேலை கொடுக்கும்?

பெரட்டுல திருடன்னு சொன்னது அவதூறு. அது சிவில் கோர்ட் விஷயம், வக்கீலைப் பார்க்கணும்.

லயத்து வீட்டுக்காரன்:
கணக்கு முடிக்கிறோம்னு சொல்லி ஏதாவது தாளை நீட்டுவாங்க. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும். படிக்காம அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீங்க.

பகாவ் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா. அப்போ லேபர் ஆபீசுல கொடுத்த மனுவை வாபஸ் வாங்கணுமா?

பழைய கிளைச் செயலாளர்:
வேண்டாம், விடுமுறைச் சம்பளம் தனி விஷயம். ஆனா நீக்கத்தை ரெண்டு இடத்துல நடத்த முடியாது. தொழில் உறவுச் சட்டத்துல நடக்கிற வழக்கை லேபர் ஆபீஸ் தொடக்கூடாதுன்னு வேலைச் சட்டத்துல 69ஏ பிரிவு இருக்கு. கடுதாசி, சம்பளச் சீட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு இந்த வாரமே சிரம்பான் தொழில் உறவு இலாகாவுக்குப் போங்க. முத்திரை குத்தின மனு நகலைக் கேட்டு வாங்கிக்குங்க.