ரெஃப்ரிஜரன்ட் சார்ஜிங்: ஏற்றுதலா, பெய்தலா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அன்புடையீர், வணக்கம். கார்பன் டை ஆக்சைடில் (ஆர்-744) ஓடும் குளிர்பதன அமைப்புக்கான பாதுகாப்புக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமைப்புக்குள் குளிர்பதனப் பொருளை விடும் ‘சார்ஜிங்’குக்கு ‘நிரப்புதல்’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தராசில் எடை பார்த்து விடுகிற வேலை இது. முட்ட நிரப்பினால் ஆபத்து. வெற்றிடமாக்கிய அமைப்புக்குள் முதலில் ஆவியாகத்தான் விடவேண்டும், அழுத்தம் ஏறிய பிறகே திரவமாக. உள்ளே தனி அழுத்தம் (வளிமண்டல அழுத்தமும் சேர்ந்தது) 5.2 பாருக்குக் கீழே இருக்கையில் திரவத்தை விட்டால் உலர்பனியாக உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டு படிக்கும் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:
சொல் நம்மிடமே இருக்கிறது: பெய்தல். ‘பசுமட் கலத்துள் நீர்பெய்திரீஇ யற்று’ (குறள் 660). கலத்துக்குள் இடுவது பெய்தல். அளவு மிஞ்சுவதையும் வள்ளுவரே சொல்லிவிட்டார். மயிற்பீலியே ஆனாலும் ‘சால மிகுத்துப் பெயின்’ வண்டியின் அச்சு முறியும் (475). ஆகவே ஓவர்சார்ஜிங் ‘மிகைபெய்வு’. கையில் வளை இடுவதும் பெய்தலே, ‘பெய்வளை’ என்பதைக் காண்க. திரவம், வாயு இரண்டும் வடசொல். நீர்மம், வளிமம் என்றே எழுதுங்கள்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், மதுரை:
ஐயா, மிகைபெய்வு அருமை. ஆனால் என் மாணவனுக்குப் பெய்வது மழை மட்டும்தான். பட்டறையில் ‘கேஸ் ஏத்துறது’, ‘கேஸ் அடிக்கிறது’ என்பார்கள். என் கவலை வேறு. திரவமாக இருந்தாலும் அவனுக்கு அது ‘கேஸ்’தான். ‘முதலில் கேஸ் ஏற்று’ என்று அச்சடித்தால் எந்தச் சிலிண்டரை மாட்டுவான்? உள்குழாய் வைத்த சிலிண்டர் நிமிர்ந்து நின்றாலே திரவத்தைத் தரும். ஆகவே ‘ஆவியாக ஏற்று’, ‘திரவமாக ஏற்று’ என்று நிலையைச் சொல்லியே தீரவேண்டும். அவன் பார்க்கும் கேஜ் வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துக் காட்டும், 5.2 அதில் ஏறக்குறைய 4.2. அதையும் எழுதுங்கள் அம்மா. பழைய ஏ.சி.களில் வரும் ஆர்-22 குளிர்பதனப் பொருளுக்கு வைத்திருக்கும் ஹோஸை இதற்கு மாட்டக்கூடாது. 20 டிகிரியிலேயே சிலிண்டருக்குள் 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே கிடையாது. மதுரை வெயிலுக்கு இது தினப்படிச் சங்கதி.

குளிர்பதனப் பொறியாளர், சிங்கப்பூர்:
‘ஆவி’ என்றால் சுடும் என்று நினைத்துவிட மாட்டார்களா? வளிமம் பாடநூலில் பழகிய சொல்தானே. இன்னொன்று, ‘கரியமிலவாயு’ என்று போடலாமா? சோடாவில் இருப்பதுதானே என்று அலட்சியம் வந்துவிடும். இது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்ந்த அறையில் தேங்கும். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 5,000 பங்கு. 40,000 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து.

தமிழாசிரியர்:
கரி, அமிலம், வாயு என்று பிரித்தால் அந்தச் சொல்லே எச்சரிக்கைதான். ஆனால் அமிலம் என்பதன் வேர் ‘ஆம்லம்’ என்ற வடசொல் என்பர். அதற்கு நான் ‘புளி’ என்ற தமிழ்ச்சொல்லின் பக்கம் போவேன். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை ஐயா. பயிற்றுநர் சொன்னதை ஒட்டி ‘ஏற்றுதல்’, ‘ஆவியாக’, ‘திரவமாக’, ‘மிகையேற்றம்’ என்று அனுப்புகிறேன். கார்பன் டை ஆக்சைடு அப்படியே நிற்கும்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ‘ஏற்றம்’ ஏற்கெனவே மின்னேற்றத்துக்குப் போய்விட்டது. ஒரே குறிப்பில் கம்ப்ரசர் மோட்டாரும் வரும்போது இரண்டும் மோதும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.