தென்னாப்பிரிக்காவுல வரி ஆபீஸ்காரங்க பழைய நட்டத்துக்கு பேப்பர் கேட்டாங்களா? உங்க அனுபவத்தைப் போடுங்க

டோங்காட் கடைக்காரன்:
2021 ஜூலை கலவரத்துல கடை போச்சு, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்க. இன்ஷூரன்ஸ் பணத்தை வரவுல காட்டியும் அந்த வருஷம் பெரிய நட்டம், அசெஸ்டு லாஸ்னு (பின்னாடி வர்ற லாபத்துல கழிச்சுக்கற பழைய நட்டம்) வருஷா வருஷம் கம்பெனி வரி ரிட்டர்ன் ஐடிஆர்14ல இழுத்துட்டு வர்றோம். கொஞ்சம் லாபம் தலைகாட்டி அதுல கழிச்சதும் வரி ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்துச்சு, அந்த நட்டம் எப்படி வந்துச்சு, ஆதாரம் அனுப்புன்னு. ஸ்டாக் நோட்டு பீரோ அடித்தட்டுல இருந்து 2022 ஏப்ரல் வெள்ளத்துல ஊறிப்போனது. வீட்டுக்காரம்மா அப்பவே ஒவ்வொரு தாளா பிரிச்சு துணிக்கொடியில கிளிப் போட்டு காயவச்சிருந்தாங்க. பேனாவுல எழுதின விலை எல்லாம் நீலமா பரவிக் கிடக்கு, பென்சில்ல எழுதின எண்ணிக்கை மட்டும் அப்படியே நிக்குது. டர்பன் ஹோல்சேல்காரர்கிட்ட பழைய ஸ்டேட்மெண்ட் வாங்கி லைன் லைனா விலை போட்டு அனுப்பினோம், ஏத்துக்கிட்டாங்க. ஆனா ஸ்கேன் பண்றப்ப அக்கவுண்டண்ட் தம்பி மூக்கைப் பொத்திக்கிட்டான் பாருங்க, அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகல. என் கடைய்யா அது.

மிட்ரேண்ட்வாசி:
அண்ணே உங்க நட்டத்தையாவது ஏத்துக்கிட்டாங்க. எனக்கு டிராவல்ஸ் கம்பெனி, லாக்டவுன்ல ஒரு புக்கிங் இல்ல, சரி கிடக்கட்டும்னு ஒரு முழு வருஷம் சும்மா விட்டோம். அடுத்த ரிட்டர்ன்ல ஆடிட்டர் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாரு, முந்தின வருஷத்து நட்டம்ங்கற கட்டத்துல 0. கம்பெனி அந்த வருஷம் டிரேட் பண்ணலேன்னா அதுவரைக்கும் சேர்ந்த நட்டம் மொத்தமும் போயிடும், வருமான வரிச் சட்டம் செக்ஷன் 20ன்னு சொல்லிட்டு டீ குடிக்கறீங்களான்னு கேக்கறாரு! அப்புறம் ஒரு டவுட், ரெக்கார்டு 5 வருஷம் வச்சா போதும்தானே, எதுக்கு இந்த ஊறின நோட்டை எல்லாம் கட்டிக்கிட்டு அழணும்?

லெனேசியா அக்கா:
தம்பி இப்படி சொல்லிச் சொல்லியே ஆளாளுக்கு மாட்டறீங்க. 5 வருஷம்ங்கறது ரிட்டர்ன் போட்ட நாள்ல இருந்து, சரி. ஆனா நீ 2022 நட்டத்தை 2030ல கழிச்சா நிரூபிக்க வேண்டியது நீதான், டேக்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் ஆக்ட் செக்ஷன் 102 அந்தப் பொறுப்பை நம்ம தலைலதான் வச்சிருக்கு. அதனால நட்டம் கடைசி ரேண்ட் வரைக்கும் தீர்ற வரை அந்த வருஷத்து ஃபைனான்ஷியல்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஸ்டாக் ஷீட், அசெஸ்மெண்ட் நோட்டீஸ் நாலும் ஒரே ஃபைல்ல இருக்கணும். நோட்டீஸ்ல வர்ற நட்ட பாக்கியும் உங்க கணக்கும் ஒண்ணான்னு வருஷா வருஷம் பாருங்க, இடிச்சா அப்பவே அப்ஜெக்ஷன் போடுங்க. டிரேட் பண்ணலேன்னு சொல்றியே, அந்த வருஷம் கொட்டேஷன் அனுப்பின ஈமெயில், விளம்பரம் குடுத்த பில் எதுவும் இல்லையா? வியாபாரம் தேடினதே ஒரு வாதம்தான்பா, முதல்லயே யாராவது கேட்டிருக்கலாம். இன்னொண்ணு, 2023 மார்ச் 31லயோ அதுக்கப்புறமோ முடியற வருஷத்துல இருந்து கம்பெனிங்க முழுசா கழிக்க முடியாது, 80% தான். 20 லட்சம் ரேண்ட் லாபம்னா எவ்வளவு பழைய நட்டம் கையில இருந்தாலும் 16 லட்சம்தான் கழியும், மீதி 4 லட்சத்துக்கு 27% கட்டணும், 1,08,000. (என் சொந்தக் கதை எழுத வந்தேன், இதுலயே நேரம் போச்சு. எங்க வீட்டுக்காரர் ஃபைலை பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாரு, அவ்ளோதான்.)

எபென் பையன்:
நீங்க பைலைக் காப்பாத்தவாவது கஷ்டப்படறீங்க, மொரீஷியஸ்ல 5 வருஷத்துல நட்டமே காலாவதி. முதலீட்டுக்கான ஆனுவல் அலவன்ஸ்ல (மூலதனச் செலவுக்கு வருஷா வருஷம் கழிச்சுக்கற தொகை) வந்த நட்டத்துக்கு மட்டும் அந்தக் கெடு இல்ல. எங்க முதலாளி கெடு முடியற வருஷம் ஜூன் கடைசியில ஆபீஸ்ல எல்லாரையும் நிக்க வச்சு "பில்லு போடுங்கடா, எப்படியாவது லாபம் காட்டுங்க"ன்னு கத்தினாரு. லாபம் வேணும்னு கத்தின முதலாளியைப் பார்த்திருக்கேன், வரி ரிட்டர்னுக்காகக் கத்தினது இவரைத்தான்.

மிட்ரேண்ட்வாசி:
அக்கா ஃபைல் விஷயம் ஒத்துக்கறேன், ஆனா 80% சொல்லி கடைக்காரரை பயமுறுத்தாதீங்க. 10 லட்சம் ரேண்ட், இல்ல 80%, எது அதிகமோ அதுவரைக்கும் கழிக்கலாம். லாபம் 10 லட்சத்தைத் தாண்டலேன்னா முழுசும் கழியும். அவருக்கு தலைகாட்டினதே கொஞ்சம் லாபம்தானே.