கேலக்ஸி கொத்துகளின் இரும்பு அளவு: ஒரே கொத்துக்கு இரண்டு விடைகள் ஏன்?

விண்நோக்கி:
கேலக்ஸி கொத்துகளை நிரப்பியுள்ள சூடான வாயுவைப் பற்றிப் படித்து வருகிறேன். ஒரே கொத்தின் வெளிப்பகுதியில் இரும்பின் அளவு சூரியனில் உள்ளதைப் போல 0.3 மடங்கு என்று ஒரு பழைய கட்டுரையும், 0.44 மடங்கு என்று ஒரு புதிய கட்டுரையும் கூறுகின்றன. எட்டாத தொலைவிலுள்ள வாயுவில் இரும்பை எப்படி அளக்கிறார்கள்? இவ்விரண்டில் எதை ஏற்பது?

நிறமாலை:
கொத்தின் வாயு ஒரு கோடி முதல் பத்துக் கோடி கெல்வின் வரை சூடானது. அந்த வெப்பத்தில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றை இழந்துவிடுகிறது. இரண்டே எலக்ட்ரான்கள் எஞ்சிய இரும்பு அயனி 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எக்ஸ் கதிர் வரியை, அதாவது அந்த ஓர் ஆற்றலில் மட்டும் கூர்மையாகத் தெரியும் ஒளியை, உமிழ்கிறது. 1976-இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தில் இவ்வரியைக் கண்டதுதான், இந்த வாயு விண்மீன்களுக்குள் சமைந்த பொருளைக் கொண்டுள்ளது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. வரியின் வலிமை எலக்ட்ரான், இரும்பு ஆகியவற்றின் அடர்த்திகளின் பெருக்கத்தைப் பொறுத்தது. அதன் அடியில் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் ஒளியோ பெரும்பாலும் எலக்ட்ரான், ஹைட்ரஜன் ஆகியவற்றின் அடர்த்திகளின் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது எலக்ட்ரான் அடர்த்தி நீங்கிவிடுவதால், வெப்பநிலை தெரிந்தால் ஹைட்ரஜனுக்கு இரும்பு என்ன விகிதம் என்பது நேரடியாகக் கிடைக்கிறது. வானியலில் இவ்வளவு தூய்மையான அளவீடு அரிது என்பது என் கருத்து.

அளவுகோல்:
உங்கள் இரு எண்களும் பெரும்பாலும் ஒரே அளவீடுதான். 'சூரிய அளவு' என்பது கட்டுரைக்குக் கட்டுரை மாறும். 1989-இன் ஆண்டர்ஸ், கிரெவெஸ் அட்டவணைப்படி பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு 46.8 இரும்பு அணுக்கள். 2009-இன் அஸ்ப்ளண்ட் குழுவின் அட்டவணைப்படி 31.6 மட்டுமே. 0.3-ஐ 46.8-ஆல் பெருக்கி 31.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.44 வரும். எந்த அட்டவணை என்பதை முதலில் பார்க்காமல் எண்களை ஒப்பிடவே கூடாது.

விண்நோக்கி:
நன்றி. பழைய கட்டுரையின் அடிக்குறிப்பில் 1989 அட்டவணைதான் குறிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் அதே கட்டுரைகள் கொத்தின் மையத்துக்குத் தரும் மதிப்புகள், அட்டவணையை மாற்றிக் கணக்கிட்ட பிறகும் பொருந்தவில்லையே?

நிறமாலை:
மையத்தில் வேறு சிக்கல் உள்ளது. பல கொத்துகளின் மையத்தில் வெவ்வேறு வெப்பநிலையுள்ள வாயுக்கள் ஒரே பார்வைக்கோட்டில் கலந்திருக்கின்றன. ஏறத்தாழ 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பகுதியில் இரும்பின் எண்ணற்ற வரிகள் ஒரு மேடாகக் குவிகின்றன; வெப்பநிலை மாறினால் அம்மேட்டின் உச்சியும் இடம் மாறும். பல மேடுகள் சேர்ந்து அகன்று தோன்றுவதை ஒற்றை வெப்பநிலை மாதிரியால் பொருத்தினால், அம்மாதிரி அகலத்தைத் தொடர்ச்சியொளியாகக் கருதி இரும்பைக் குறைத்துச் சொல்லும். இந்த அளவீட்டுப் பிழையை இரும்புச் சாய்வு (iron bias) என்பார்கள். குளிர்ந்த மையமுள்ள கொத்துக்கு ஒற்றை வெப்பநிலையில் பெற்ற மதிப்பை நான் ஏற்க மாட்டேன்.

எக்ஸ்கதிர்மாணவர்:
2016-இல் ஹிட்டோமி செயற்கைக்கோள் ஏறத்தாழ 5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேறுபாட்டையும் பிரித்தறியும் பிரிதிறனுடன் பெர்சியஸை நோக்கியது. வழக்கமான சிசிடி (ஒளியுணர் சில்லு) கருவிகளின் பிரிதிறன் 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே நூற்றுக்கும் அதிகமான எலக்ட்ரான் வோல்ட். அதனால் குரோமியம், மாங்கனீசு, நிக்கல் ஆகியவற்றின் மெல்லிய வரிகளும் தனித்தனியே தெரிந்தன; இரும்புடனான அவற்றின் விகிதங்கள் சூரியனில் உள்ளவற்றை ஒத்திருந்தன. ஏவப்பட்டுச் சில வாரங்களில் அந்தச் செயற்கைக்கோளை இழந்தது இத்துறைக்குப் பெரும் வேதனை. 2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் அப்பணியைத் தொடர்கிறது. எனினும் ஆற்றலை நுட்பமாகப் பிரித்தறியும் அதன் கருவியின் முன்னுள்ள பாதுகாப்புக் கதவு திறக்காததால் ஏறத்தாழ 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள ஒளி தடைபடுகிறது. ஆகவே மேலே நிறமாலை அவர்கள் குறிப்பிட்ட அந்த மேட்டை அதனால் பிரித்துக் காண இயலாது. மையத்தின் இரும்பை 6.7 வரியைக் கொண்டே அது கணிக்க வேண்டும்.